படுத்திருப்பவர்களின் தோட்டம்

விரிஞ்சிபுரம்
18.1.1981

சந்திராவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். சாகப் போகிறவர்களுக்கென்றே நடத்துகிற இல்லத்திலிருந்து அதைக் கேட்டால் நன்றாக இருக்காது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். பனி தாங்க முடியவில்லை. என் பச்சைச் சால்வையைத் தபாலில் அனுப்பு. நீ கொண்டு வர வேண்டாம். சேர்த்த அன்று எல்லோர் முன்னாலும், "இனிமே நீ இந்தப் பக்கம் வராத, பொணத்த எடுக்க வந்தா போதும்" என்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. வயிற்றுக் கட்டிக்கு இனி வைத்தியம் கிடையாது, பங்குனி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன மூன்றாம் நாளே என்னை இங்கே கொண்டுவந்து விட்டவள் நீ.

பதினாறு கட்டில் இருக்கிறது. மேட்ரன் சம்பூர்ணம் அம்மாவுக்கு வாய் கண்டிப்பு, கை மெத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டு செய்ய இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஹலீமா பீ, ஆம்பூரில் தோல் வியாபாரி வீட்டம்மா. காரில் ரோஜாத் தொட்டியோடு வந்து இறங்குவார். இன்னொருவர் இஷ்தியாக் அகமது, டேனரி குமாஸ்தா. பள்ளிகொண்டாவிலிருந்து சைக்கிளில் வருவார். இரண்டு பேரும் சேர்ந்து இங்கே ஒரு தோட்டம் போடுகிறார்களாம். பார்த்தால் சிரிப்பு வரும். வரிசையாகச் சாமந்தி நட்டு, வேர் காயாமல் இருக்கக் கோணி போட்டு மூடினார்கள். இலை நுனியெல்லாம் கருகிவிட்டது. மண்ணில் சத்து இல்லை என்று இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று பொறுக்க முடியாமல் அவரைக் கூப்பிட்டேன்.

"இஷ்தியாக் பாய், அது இன்னா கோணி?"

"எங்க டேனரிதுதான். சும்மா கெடந்துது, எடுத்தாந்தேன்."

"பச்சத்தோல் கட்டி வந்த கோணி அது. நாக்குல வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! உப்பு. தோல் அழுகாமல் இருக்கப் போடுவது. கோணியை எடுத்துவிட்டு நாலு நாள் தண்ணீரைத் தேக்கி வடியவிடச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் தோலைத் தடவித் தரம் பிரித்தவனுக்கு உப்பு தெரியாதா?

சால்வையை மறக்காதே.

லோகநாதன்


ஆம்பூர்
30.1.1981

பூரணி அப்பாவுக்கு,

சால்வையை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது, தைத்துவிட்டேன்.

மூன்றாம் நாளே கொண்டு வந்து விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று நாளும் நீங்கள் வலியில் கத்தியதைப் பிள்ளைகள் இரண்டும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். அம்சவேணி பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவே பயந்து பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள். வலிக்கு அங்கே மருந்து தருவார்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்காகத்தான் கொண்டுவந்தேன். வேறு காரணம் இல்லை.

வராதே என்றீர்கள். வரமாட்டேன்.

இன்னொரு விஷயம். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். தை முதல் வாரத்திலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகிறேன். மேல்பாகம் தைக்கிற மிஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். உங்களைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. திட்டி எழுதுவதாக இருந்தால் அடுத்த கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாமந்தி பிழைத்ததா?

சந்திரா


விரிஞ்சிபுரம்
24.2.1981

சந்திராவுக்கு,

சால்வை வந்தது. சாமந்தியில் பாதி பிழைத்தது.

திட்டவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன். தோல் நாற்றம் வீட்டில் ஒருவனோடு போகட்டும் என்று இருந்தேன். நான் கண்ணை மூடும்வரை பொறுத்திருக்கக் கூடாதா?

என் பக்கத்துக் கட்டிலில் குடியாத்தத்துக்காரர் கங்காதரன் இருந்தார். லுங்கித் தறி வைத்திருந்தவர். எழுந்து உட்கார முடியாது. தினமும் காலையில் என்னைக் கேட்பார், "வெளிய இன்னா தெரியுது? பூ வந்துச்சா?" நான் எக்கிப் பார்த்துச் சொல்வேன். அவருக்கு ஜன்னல் கட்டையும் மதில் சுவரும்தான் தெரியும். ரோஜாத் தொட்டியெல்லாம் கேட்டருகே, காரில் வந்து இறங்குகிறவர்கள் பார்க்கிற மாதிரி அடுக்கியிருந்தது. போன புதன்கிழமை அவர் போய்விட்டார். அவருக்கென்று வைத்த பூவில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹலீமா பீ வந்தார். வெள்ளைத் துணி விரித்துக் காலியாக இருந்த அந்தக் கட்டிலைக் காட்டி, "அம்மா, ஒரு நிமிஷம் இதுல படுங்க" என்றேன். மேட்ரன் "லோகநாதன்!" என்று அதட்டினார். இஷ்தியாக் பாய் ஜன்னலுக்கு வெளியே தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். செருப்பைக் கழற்றினார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் படுத்தார். தலையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"யா அல்லா... செவுருதான் தெரியுது."

"அவருக்கும் அதான் தெரிஞ்சுது."

எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு வருஷமா நமக்கோசரம் தோட்டம் போட்டுட்டு இருந்தோம் இஷ்தியாக். சரி, இப்ப இன்னா செய்யலாம், சொல்லுப்பா" என்று என்னைக் கேட்டார்.

ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியிலும் மூங்கில் நட்டுப் பந்தல் கட்டச் சொல்லியிருக்கிறேன். படுத்தால் தெரிகிற உயரத்தில் பூ வர வேண்டும். பீர்க்கு, சங்குப்பூ, வாசனைக்கு ஜாதிமல்லி. வேலை தொடங்கிவிட்டது.

புது டாக்டர் ஒருவர் வருகிறார். என் இருமலைக் கேட்டுவிட்டு சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். நெஞ்சில் காசமும் இருக்கிறதாம். கட்டிலை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தினம் ஊசி. நீயும் பிள்ளைகளும் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப் போடாதே.

லோகநாதன்


ஆம்பூர்
22.3.1981

பூரணி அப்பாவுக்கு,

மூன்று பேருக்கும் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை.

தோல் நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பதினாறு வருஷம் உங்கள் சட்டையைத் துவைத்தவளுக்கு அது புதிதா? சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். ஹலீமா பீயைப் படுக்கச் சொன்ன கதையைப் படித்த பிறகு மனது கேட்கவில்லை. படுத்திருக்கிறவர் இடத்தில் இருந்து பார்க்கும்படி அந்தம்மாவிடம் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் இடத்தில் இருந்து ஒரு நாளாவது பார்த்தீர்களா?

திமிரியில் என் தம்பி கல்யாணப் பந்தியில், நான் குழம்பு ஊற்றிக்கொண்டு வரும்போது, "என் பொண்டாட்டி மூணாம் தரம்தான், வேற சரக்கு கெடைக்காம எடுத்தது" என்றீர்கள். இலையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நான் கரண்டியோடு கடைசி இலைவரை போனேன். குழம்பு, நடை, பேச்சு, பிள்ளைகள் படிப்பு, எதைத் தொட்டாலும் தரம் சொல்வீர்கள். அத்தனை வருஷத்தில் முதல் தரம் என்று ஒன்றைக்கூட நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை.

போன வாரம் எங்கள் லைன் சூப்பர்வைசர் நான் தைத்த பீஸைத் தூக்கிப் பிடித்து, நாற்பது பெண்களுக்கும் காட்டி, "இப்படித் தெக்கணும்" என்றார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பங்குனி பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. தபால்காரர் வந்தாலும் பயமாக இருக்கிறது, வராவிட்டாலும் பயமாக இருக்கிறது. இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.

சந்திரா


விரிஞ்சிபுரம்
26.3.1981

சந்திராவுக்கு,

இருக்கிறேன்.

திமிரிப் பந்தி எனக்கு நினைவே இல்லை. இரண்டு நாளாக யோசித்தேன். நேற்று நினைவு வந்துவிட்டது.

லோகநாதன்


விரிஞ்சிபுரம்
17.5.1981

அன்புள்ள சந்திராவுக்கு,

இதை எழுத ஒரு மாதமாகக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுகிறேன். நான் சாகவில்லை. சாகிற மாதிரியும் தெரியவில்லை.

வயிற்றில் இருந்ததும் காசம்தான் போலிருக்கிறது என்கிறார் டாக்டர். ஊசி போட ஆரம்பித்து ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்தது. சளியில் கிருமி இல்லை என்றதும் கட்டிலை மறுபடி வார்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பசி வந்தது. வந்தது என்றால் சாதாரணப் பசி இல்லை. நாலு இட்லி தின்றுவிட்டு ஐந்தாவதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. சுற்றிலும் கஞ்சியே இறங்காதவர்கள் படுத்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மென்று தின்ன முடியாமல், தட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறேன். "நல்லா சாப்டுங்க லோகநாதன், இங்க இந்தச் சத்தம் கேட்டு எத்தினி நாளாச்சு" என்கிறார் மேட்ரன். முன்னமே எழுதியிருக்கலாம். நம்பி எழுதிவிட்டு மறுபடி விழுந்தால் உன்னை இரண்டாம் முறை அழ வைத்ததாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

வெயில் கொளுத்துகிறது. பாலாற்று மணலில் கால் வைக்க முடியாது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஹலீமா பீ மகள் வீட்டுக்கு பெங்களூர் போய்விட்டார். இஷ்தியாக் பாய் மட்டும் ஒரு வாரமும் தவறாமல் வருகிறார். காலையில் அரைக் குடம் அரைக் குடமாக நான்தான் ஊற்றுகிறேன். முதலில் இரண்டு ஜன்னலோடு மூச்சு வாங்கியது. இப்போது எட்டு ஜன்னலுக்கும் போகிறது கை. பீர்க்கு ஏறிவிட்டது. ஜாதிமல்லி வாசனை வார்டுக்குள் வந்துவிட்டது.

வேலை எப்படிப் போகிறது? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

லோகநாதன்


ஆம்பூர்
29.6.1981

பூரணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நம்பவில்லை. சாகப் போகிறவர்கள் கடைசியில் இப்படித்தான் தெம்பாகப் பேசுவார்கள் என்று கம்பெனியில் ஒருத்தி சொன்னாள். அதனால் லீவு போட்டுவிட்டு ஜூன் பன்னிரண்டாம் தேதி வந்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை.

கேட் திறந்திருந்தது. நீங்கள் இரண்டு கையிலும் குடத்தோடு போய்க்கொண்டிருந்தீர்கள். உள்ளே படுத்திருந்த யாரோ ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார்கள். நீங்கள் குடத்தை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் கேட்டில் கை வைத்தபடி நின்றேன். பிறகு திரும்பிப் பஸ் ஏறிவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். சேர்த்துவிட்டு வந்த அன்றே உங்களுக்காக அழுது முடித்தேன். பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லி முடித்தேன். நெஞ்சைக் கல்லாக்கி ஒரு வழியாக எழுந்து நின்றிருக்கிறேன். இப்போது நீங்கள் வந்தால் அந்தப் பழைய ஆள் வருவாரா, குடம் தூக்கிச் சிரித்த ஆள் வருவாரா என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பைப் பதினாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தர் வீட்டுக்காரரை ஒளிந்து பார்த்த மாதிரி இருந்தது.

பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பஸ் மாதனூர் வருகிறவரை அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

வேலை நன்றாகப் போகிறது. கேட்டதற்காகச் சொல்கிறேன்.

சந்திரா


விரிஞ்சிபுரம்
23.8.1981

அன்புள்ள சந்திராவுக்கு,

கேட்வரை வந்து திரும்பினாய் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. உடனே பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்று எழுதுவது வேறு.

மழைக்கு முன்னால் எட்டுப் பந்தலும் முடிய வேண்டும். வியாழக்கிழமை நான் அவரைக்காய்ப் பந்தலுக்குக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். நாட்றம்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். அமீர் பாஷா என்று பெயர். அவருடைய அம்மா மஹ்பூபிக்கு இங்கே கட்டில் கேட்டு ஐந்து வாரமாகக் காத்திருந்திருக்கிறார். என்னைப் பார்த்து, "நீங்க இங்க வேலை செய்றவரா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

"மேட்ரன் அம்மாகிட்ட சொல்லிடுங்க. கட்டில் வேணாம். அம்மா நேத்து போய்ட்டாங்க. வலி ஜாஸ்தி, ரொம்பக் கத்துனாங்க. பரவால்ல. நீங்க எல்லாம் நல்லா பேசுனீங்க, அதுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நன்றி சொல்ல அவ்வளவு தூரம் வந்திருக்கிறார் மனுஷன்.

நான் இங்கே வேலை செய்கிறவன் இல்லை சந்திரா. கட்டிலில் படுத்திருக்கிறவன். ஜூன் மாதத்திலிருந்து அந்தக் கட்டில் எனக்குத் தேவையில்லை. டாக்டரும் சொன்னார். மேட்ரன், "வீட்ல பேசி முடிவு பண்ணுங்க, அவசரமில்ல" என்றார். எனக்குப் போக இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். நான் நிம்மதியாகத் தூங்கிய கட்டிலுக்கு நாட்றம்பள்ளியில் ஒரு அம்மா கத்திக்கொண்டு காத்திருந்தார்.

அன்றைக்கே மேட்ரனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் தப்பும்தான்" என்று சொல்லிவிட்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடி மோட்டார் அறைக்கு வந்துவிட்டேன். இப்போது அங்கேதான் படுக்கை. இரவுக்குள் கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். வீட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்று சொன்னால் அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். பந்தியில் சொன்னது தப்பு. சிரித்தது அதைவிடத் தப்பு.

லோகநாதன்


ஆம்பூர்
6.9.1981

பூரணி அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்த அம்மாவுக்கு இனி நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அடுத்து வருகிறவர்களுக்கு உண்டு. அதனால் அங்கே தொடங்கியதைப் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள். மழைக்கு முன்னால் பந்தல் முடிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். முடியுங்கள்.

வரலாமா என்று கேட்டதற்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பூரணி, "வந்தா மறுபடியும் கத்துவாரா?" என்று கேட்கிறாள். நீங்களே அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதினைந்து வயசு, எல்லாம் புரிகிறது. தீபாவளி போகட்டும்.

என்னை செக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். தைத்து வருகிறதைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. முதல் நாள் ஒரு சின்னப் பெண் கொண்டு வந்த பீஸ் கோணல். திருப்பித் தரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். "ஊசி மாத்திப் பாரும்மா, வரும்" என்றேன். மாற்றினாள், வந்தது. இவ்வளவுதான் விஷயம். உங்களைக் குத்திக் காட்ட எழுதவில்லை. எழுதத் தோன்றியது.

சந்திரா


விரிஞ்சிபுரம்
1.11.1981

அன்புள்ள சந்திராவுக்கு,

பூரணிக்கு எழுதினேன். பதில் போட்டாள். ஆறு கேள்வி கேட்டிருந்தாள். ஆறுக்கும் உண்மையைத்தான் எழுதினேன்.

ஐப்பசி மழை நின்று பெய்தது. ஆற்றில் தண்ணீர் ஒரு முழம் ஓடுகிறது. எட்டுப் பந்தலும் நிற்கின்றன. மூன்றாவது மட்டும் காற்றில் சாய்ந்தது. நானும் இஷ்தியாக் பாயும் மழையில் நின்றே தூக்கிக் கட்டினோம். ஹலீமா பீ இப்போது காரில் ரோஜா கொண்டு வருவதில்லை, சாணி மூட்டை கொண்டு வருகிறார். டிரைவர் பேஜார் ஆகிவிட்டார். வருகிற ஒவ்வொரு ஞாயிறும் காலிக் கட்டில் இருந்தால் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

என் பழைய கட்டிலில் இருக்கிறவர் நந்தகோபால், ஆற்காட்டுப் பக்கம் விவசாயி. நாளெல்லாம் எங்களுக்கு உத்தரவு. "யோவ், அந்தப் பீர்க்கம்பிஞ்ச இப்பப் பறிக்காதய்யா, ரெண்டு நாள் போவட்டும், கூட்டுக்கு ஆவும்" என்பார். பக்கத்து ஜன்னல் அம்மாவுக்கும் அவருக்கும் சங்குப்பூ யார் ஜன்னலுடையது என்று சண்டை. இரண்டு பேரும் தை வரை இருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அது தெரியும். இருந்தாலும் சண்டையை விடுவதில்லை. யாரும் விலக்கக் கூடாது என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

மருந்து இன்னும் பல மாதம் சாப்பிட வேண்டும், லேசான வேலை செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்பூரில் என் பழைய டேனரியில் அரை நாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிகொண்டாவில் ஒரு அறை இருப்பதாக இஷ்தியாக் பாய் சொல்கிறார். அங்கிருந்து பஸ்ஸில் போய்வரலாம். நீ முடிவு சொல்லும் வரை அங்கே இருக்கிறேன். முடிவு எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் இங்கே வருவேன். அதை மட்டும் விடுவதாக இல்லை.

லோகநாதன்


ஆம்பூர்
8.11.1981

பூரணி அப்பாவுக்கு,

பள்ளிகொண்டாவில் அறை பார்க்க வேண்டாம்.

நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பூரணி உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. "வரட்டும்மா" என்று மட்டும் சொன்னாள்.

என் பக்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விடமாட்டேன். காலையில் எட்டு மணிக்கு கம்பெனியில் இருக்க வேண்டும். அரை நாள் வீட்டில் இருக்கப் போகிறவர் நீங்கள், மாலை உலை நீங்கள்தான் வைக்க வேண்டும். குழைந்தாலும் நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம். அதேபோல நீங்களும் எங்களை ஒன்றும் சொல்லக் கூடாது. பழைய பேச்சு ஒரு தடவை வாயில் வந்தால், அன்றைக்கே பள்ளிகொண்டா பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு எட்டரை பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். கேட்டோடு திரும்ப மாட்டோம், வேலை செய்யத்தான் வருகிறோம். கையில் மண் பட்டால் பிடிக்காது என்று பூரணி சொல்கிறாள். அவளை ஹலீமா பீ பார்த்துக்கொள்ளட்டும். நந்தகோபால் அவர்களுக்குக் கூட்டு செய்து எடுத்து வருகிறேன். காரம் ஆகுமா என்று மேட்ரனிடம் கேட்டு வையுங்கள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நாலு பேராக ஊர் திரும்பலாம். ஜன்னல் சீட் மட்டும் உங்களுக்கு இல்லை என்று அம்சவேணி எழுதச் சொல்கிறாள்.

உங்கள்
சந்திரா